தீத்தழும்பு: சாட்ஸ்வர்த் வீடொன்றில் ஒரு பேப்பர்வெயிட் சேகரிப்பு

பின்னணி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர மையத்துக்குத் தென்மேற்கே இருக்கிறது சாட்ஸ்வர்த். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டத்தைக் காட்டி, நகரத்தின் பல மூலைகளில் வாழ்ந்த இந்தியக் குடும்பங்களைக் கிளப்பி, 1960களில் இங்கே கொண்டுவந்து குடிவைத்தார்கள். இந்த ஆய்வில் வரும் வீடும் அப்படிக் கிடைத்ததுதான். வீட்டுக்காரர் நகரத்தில் பீங்கானும் கண்ணாடியும் பரிசுச் சாமான்களும் விற்கும் கடை ஒன்றில் 1968இல் சாமான் கட்டும் ஆளாகச் சேர்ந்து, விற்பனையாளராக ஓய்வு பெற்றவர். 2021 கடைசியில் தமது 79ஆம் வயதில் காலமானார். மனைவிக்கு 76 வயது. மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள் அதே வீட்டில். மகள் ஜோஹன்னஸ்பர்க்கில்.

அவர் விட்டுப்போனது 34 கண்ணாடிப் பேப்பர்வெயிட்டுகள்: காகிதம் பறக்காமல் மேலே வைக்கும், உள்ளே பூவும் வடிவங்களும் பதித்த கண்ணாடி உருண்டைகள். கடைக்கு ஸ்காட்லாந்திலிருந்து பெட்டி பெட்டியாகச் சரக்கு வந்த காலம் அது. பெட்டி நசுங்கியது, லேபிள் கிழிந்தது, விற்காமல் அலமாரியில் தங்கியது என்று வேலையாட்களுக்குக் குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். அவ்வப்போது ஒவ்வொன்றாக வாங்கியிருக்கிறார். பிறகு தேவாலயச் சந்தைகளிலும் பழைய சாமான் கடைகளிலும் தேடியிருக்கிறார். ஒவ்வொன்றையும் ஒரு பள்ளி நோட்டில் தமிழில் எழுதி வைத்திருந்தார். கோயில் மாலைப் பள்ளியில் படித்த தமிழ். எழுத்து பெரிது பெரிதாக இருக்கும். ‘எண் 11. பச்சைத் தரை, நடுவில் பூ. 1974. ஆறு ராண்ட்.’ இந்த நோட்டு பின்னால் எவ்வளவு உதவியது என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

இந்தப் பொருளைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். 1845 முதல் 1860 வரையான பிரெஞ்சுப் பேப்பர்வெயிட்டுகள்தான், பக்கரா, சேன் லூயி, கிளிஷி ஆலைகளில் செய்தவை, இந்த உலகத்தின் பெரிய பணக்காரர்கள். நம்மைப் போன்றவர்களின் கைக்கு எட்டுவது இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு. பார்சலோனாவில் 1904இல் பிறந்து, சிறுவனாகக் குடும்பத்தோடு ஸ்காட்லாந்துக்கு வந்த பால் இசார்ட், 1930களில் பெர்த் நகரத்துக் கண்ணாடி ஆலையில் இருந்துகொண்டே இந்தக் கலையை மறுபடி உயிர்ப்பித்தார். அமெரிக்காவில் 1962இல் ஹார்வி லிட்டில்டன் டொலிடோவில் நடத்திய பட்டறைகளுக்குப் பிறகு, ஆலையை நம்பாமல் தனி ஆளே சின்ன உலை வைத்துக் கண்ணாடி செய்யலாம் என்ற நிலை வந்தது. ஸ்டூடியோ கண்ணாடி என்பது அங்கிருந்து வளர்ந்த பெயர். ஸ்காட்லாந்தின் சின்ன ஆலைகளையும் இதில் சேர்க்கலாமா என்று வாதிடுவோர் உண்டு. ஒவ்வொன்றும் ஒருவர் கையால் ஆனது என்பதால் நான் சேர்த்துக்கொள்கிறேன்.

நான் இதே பகுதியில் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவன். முப்பது வருடமாகப் பேப்பர்வெயிட் சேர்க்கிறேன். அந்த வீட்டு மகன் என்னிடம் படித்தவர்.

வீட்டில் நடந்தது

2022 ஏப்ரலில் எங்கள் குவாஸுலு-நட்டால் மாகாணத்தை அடித்த வெள்ளத்தை இங்கே யாரும் மறக்கமாட்டோம். நானூறுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. இந்த வீட்டுக்கு வந்த சேதம் அதோடு ஒப்பிட்டால் சின்னது: முன்னறையின் உள்சுவரில் ஈரம் ஏறிவிட்டது. அந்தச் சுவரை ஒட்டித்தான் நாற்பது வருடமாக ரூம் டிவைடர் நின்றது. முன்னறைக்கும் சாப்பாட்டு இடத்துக்கும் நடுவே வைக்கிற திறந்த தட்டு அலமாரியைத்தான் இங்கே எல்லா வீட்டிலும் அப்படிச் சொல்வோம். மரம் உப்பிவிடும் என்று அதை இழுத்து வடக்கு ஜன்னல் பக்கம் போட்டார்கள். ஜன்னல் சுவரை ஒரு முனை தொட, முகம் மேற்கே பார்த்து நின்றது. பேப்பர்வெயிட்டுகள் அதன் நடுத்தட்டில். மேல்தட்டில் அவருடைய படம், படத்தின் முன் ஒரு சின்னக் காமாட்சி விளக்கு. அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், காலையும் மாலையும் அதை ஏற்றுவார்.

ஜூன் முதல் வாரத்தில் மருமகள் தூசி தட்டும்போது நடுத்தட்டில் ஒரு கருகல் தழும்பைப் பார்த்தார். விளக்கிலிருந்து திரி விழுந்திருக்கும் என்று நினைத்தார். யாரும் அதுதான் நினைப்பார்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொன்று. தட்டில் விரித்திருந்த குரோஷா விரிப்பிலும் ஒரு ஓட்டை. விளக்கைச் சமையலறைப் பக்கம் மாற்றினார்கள். தீப்பெட்டியை எடுத்து மேலே வைத்துவிட்டார்கள். மருமகளே விளக்கேற்ற ஆரம்பித்தார். ஜூலை முதல் வாரத்தில் மூன்றாவது தழும்பு. பகலில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போனபின் வீட்டில் இருப்பது அக்கா ஒருவர்தான். இப்போது பேச்சு மாறியது. யாருக்கும் தெரியாமல் கற்பூரம் ஏற்றுகிறாரா, ஏற்றிவிட்டு மறந்துவிடுகிறாரா, கணவன் போனபின் நினைவு தடுமாறுகிறதா? மகள் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து தொலைபேசியில், டாக்டரிடம் காட்டச் சொன்னார். தனியாக விடக்கூடாது என்றும் சொன்னார். எல்லாமே அக்கறையால் சொன்னதுதான்.

மகன் என்னைக் கூப்பிட்டது இதற்காக இல்லை. “சார், அப்பாவோட கண்ணாடி எல்லாம் பார்த்து ஒரு விலை சொல்லுங்க. ஒருத்தர் மொத்தமா 6,500 ராண்ட் தர்றேங்கிறார். அம்மா எரிச்சிடறதுக்கு முன்னால எடுத்துடலாம்னு இருக்கு” என்றார்.

முதல் வருகை: பார்த்தவை

ஜூலை இரண்டாம் சனிக்கிழமை போனேன். சாமான்களை மேசைமேல் எடுத்து வைக்கட்டுமா என்று மருமகள் கேட்டார். வேண்டாம், இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றேன். அந்த நேரத்தில் இது தழும்புக்காகச் சொன்னதல்ல. பேப்பர்வெயிட்டின் அடியில் பல வருடத் தேய்மானம், பாதி உரிந்த லேபிள், பென்சிலால் எழுதிய எண் எல்லாம் இருக்கும். அவசரத்தில் துடைத்தால் போய்விடும். அந்தப் பழக்கத்தில் சொன்னது. அதனால்தான் மற்றதும் தெரிந்தது.

தழும்புகளைக் குனிந்து பார்த்தேன். மூன்றும் ஜன்னல் பக்க முனையில், ஒரு சாண் இடத்துக்குள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் நீளம், தீக்குச்சி அகலம், லேசான வளைவு. நடுவில் கறுப்பு, இரண்டு நுனியிலும் தேன்நிறமாக மங்கியது. மூன்றில் இரண்டு அருகருகே, ரயில் தண்டவாளம் போல, சில மில்லிமீட்டர் இடைவெளியில் ஒரே திசையில் வளைந்திருந்தன. எண்ணெய்க் கறை இல்லை. மெழுகு இல்லை. சாம்பலும் இல்லை. கற்பூரம் வைத்த இடத்தில் வட்டமாகக் கரி படியும், அதுவும் இல்லை.

பிறகு தரையில் உட்கார்ந்து மேல்தட்டின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். நெருப்பு மேலே எழும். நடுத்தட்டில் எது எரிந்திருந்தாலும், முப்பது சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் மேல்தட்டின் அடியில் புகை பிடித்திருக்க வேண்டும். வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தேன். தூசிதான் வந்தது.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். “நான் அந்தப் பக்கம் கையே வைக்கலை தம்பி. அது அவர் சாமான். நான் எதுக்குத் தொடப்போறேன்?” என்றார். மெதுவாகத்தான் சொன்னார். இதை எத்தனை முறை சொன்னீர்கள் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் பேரனைப் பார்த்தார். மூன்று வாரமாக அந்த வீட்டில் அவர் தீப்பெட்டியைத் தொடவில்லை; ஐம்பது வருடமாகத் தம் கையால் ஏற்றிய விளக்கை இன்னொருவர் ஏற்ற, பக்கத்தில் நின்று கும்பிட்டிருக்கிறார். இந்த வழக்கில் எனக்கு மிகவும் வலித்த இடம் இதுதான்.

தழும்புகளுக்குப் பக்கத்தில், ஜன்னலை நோக்கிய பக்கம், தூசியில் ஒரு வட்டம். அந்த வட்டத்தில் உட்கார்ந்திருந்தது நோட்டில் எண் 23: ‘சின்ன நீலப் பூ, அடியில். மேலெல்லாம் தண்ணீர் மாதிரி. 1979.’ எட்டு சென்டிமீட்டர் அகலம். பூ அடியோடு ஒட்டிக் கிடக்க, அதற்குமேல் முழுதும் தெளிந்த கண்ணாடிக் கூரை. கையெழுத்தோ முத்திரையோ இல்லை. அவர் எழுதிய ‘தண்ணீர் மாதிரி’ சரியான சொல். ஒரு பூதக்கண்ணாடிக்கு என்ன வேண்டுமோ அது அத்தனையும் அதில் இருந்தது.

சோதனையும் அதன் காரணமும்

மணி பதினொன்று. அந்த நேரத்தில் தட்டில் வெயில் இல்லை. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வீட்டில் ஆள் இருக்கும் காலையிலும் மாலையிலும் அந்த இடம் நிழல். காத்திருப்போம் என்றேன். மருமகள் சாப்பாடு போட்டார்.

ஒரு பக்கெட் தண்ணீரும் நனைத்த துணியும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தூசி வட்டத்திலேயே எண் 23ஐ வைத்து, அதன் பின்னால் கடைப்பையிலிருந்து வெட்டிய பழுப்புக் காகிதத்தை விரித்தேன். ஒன்றே முக்காலுக்கு வெயில் ஜன்னல் வழியாகத் தட்டின் முனையைத் தொட்டது. காகிதத்தில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு வெளிச்சம் விழுந்து, நகர நகரச் சுருங்கி, மிளகாய் விதை அளவுக்கு வந்தது. கண்ணால் நேராகப் பார்க்க முடியவில்லை. இரண்டு மணிக்குச் சற்று முன்னால் நூல் போலப் புகை. மரம் தீய்ந்த வாசனை. பேரன் “ஆயா, பாருங்க!” என்று கத்தினான். நனைந்த துணியைப் போட்டேன். காகிதத்தில் லேசாக வளைந்த ஒரு பழுப்புக் கோடு. தட்டில் இருந்த தழும்பின் மேல் வைத்தால் அதே வளைவு.

நடந்தது இதுதான். கண்ணாடி உருண்டை வழியாகப் போகும் வெயில், உருண்டையைத் தாண்டி, அதன் ஆரத்தில் ஏறக்குறைய பாதி தூரத்தில் குவியும். ஆரம் நான்கு சென்டிமீட்டர் என்றால் மறுபுறம் சுமார் இரண்டு சென்டிமீட்டரில். டர்பன் தெற்கே 30 பாகையில் இருக்கிறது. நமக்குச் சூரியன் வடக்கே. டிசம்பர் நடுப்பகலில் கிட்டத்தட்ட உச்சியில் நிற்கும், வடக்கு ஜன்னலுக்குள் வராது. ஜூன் கடைசியில் நடுப்பகலிலேயே 37 டிகிரி உயரம்தான். இரண்டு மணிக்கு 30 டிகிரி. அந்தச் சாய்வில் வந்த வெயில் எண் 23இன் கூரை வழியாக நுழைந்து, மறுபுறம் வெளியேறி, சரியாகப் பலகையைத் தொடும் இடத்தில் குவிந்தது. தட்டில் வெயில் நின்றது ஒரு மணி நேரம். அதற்குள் சூரியன் 15 டிகிரி நகரும், குவியமும் ஒன்றரை சென்டிமீட்டர் நகரும். தழும்பின் நீளம் அதுதான். பக்கத்திலேயே இரண்டாவது கோடு விழுந்ததற்கும் அதிசயம் தேவையில்லை: தூசி தட்டித் திரும்ப வைக்கும்போது சாமான் அரை விரல் தள்ளி உட்காரும், நாளாக ஆகச் சூரியனின் பாதையும் கொஞ்சம் மாறும்.

பழைய உள்சுவரில் நாற்பது வருடம் ஒன்றும் ஆகாததற்கும் இதுவே பதில். அங்கே வெயில் எட்டவே எட்டாது. வெள்ளம் வந்து, அலமாரி நகர்ந்து, குளிர்காலம் தொடங்கியதும் முதல் தழும்பு விழுந்தது. அது திரைச்சீலையில் விழுந்திருந்தால் நான் இதை வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன்.

மற்றவற்றில் ஆறையும் அதே இடத்தில் வைத்துப் பார்த்தேன். உள்ளே குமிழிகள் நிறைந்தது வெளிச்சத்தைச் சிதறடித்தது. பட்டை தீட்டியது நாலைந்து மங்கிய புள்ளிகளாகப் பிரித்தது. நிறக் கண்ணாடியில் செய்தவை கூரையில் வெயிலைக் குடித்துவிட்டன. ஆனால் தெளிந்த, உயரமான கூரை உள்ள இன்னும் இரண்டு, காகிதத்தைப் பழுப்பாக்கும் அளவுக்குக் குவித்தன.

என் கையால் நேர்ந்த தவறு

இதை மறைக்காமல் எழுத வேண்டும். சோதனை முடிந்த உற்சாகத்தில், பட்டியல் வேலையையும் அன்றே தொடங்கிவிடலாம் என்று நினைத்தேன். கண்ணாடியின் வகையைக் கண்டுபிடிக்க அதைத் தண்ணீரில் நிறுப்பது ஒரு வழி. வெயிலில் நாற்பது நிமிடம் நின்ற ஒரு தேன்நிறப் பேப்பர்வெயிட்டை எடுத்தேன். கைக்கு டீ டம்ளர் போலச் சூடாக இருந்தது. அந்தச் சூட்டை உணர்ந்த கையாலேயே, ஜூலை மாதக் குழாய்த் தண்ணீர் நிறைந்த பாத்திரத்தில் இறக்கினேன். “டிக்” என்று ஒரு சத்தம். வெளியே எடுத்துப் பார்த்தால், மேலே கீறல் கூட இல்லை. உள்ளே, இரண்டு நிறக் கண்ணாடி சேரும் இடத்தில், வெள்ளிப் பிறை போல ஒரு விரிசல்.

கண்ணாடி சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். வெளித்தோல் சட்டென்று குளிர்ந்து சுருங்க, உள்ளே இருப்பது விரிந்தபடியே நிற்கும். செய்யும்போதே சுமார் 500 டிகிரியிலிருந்து பல மணி நேரம் ஆறவைப்பது அந்த இழுபறியைத் தவிர்க்கத்தான். ஆனாலும் இருவேறு நிறக் கண்ணாடிகள் ஒரே அளவு சுருங்காத இடங்களில் கொஞ்சம் இழுவிசை மிச்சம் இருக்கும். அது வருடக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு, இப்படி ஒரு தருணத்தில் வாய் திறக்கும். எனக்குத் தெரியாத பாடமில்லை. வகுப்பில் நானே சொல்லிக்கொடுத்தது.

உடனே எல்லோரிடமும் காட்டினேன். அதன் விலையைத் தருகிறேன் என்றேன், மகன் மறுத்துவிட்டார். பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே, 2022 ஜூலை 9, உள் விரிசல், காரணம் நான், என்று என் பெயரோடு எழுதினேன். விற்பனைச் சாமான்களிலிருந்து அதை நீக்கினோம்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு அன்று மாலையே. எண் 23ஐயும் அந்த இரண்டையும் துணியில் சுற்றி இழுப்பறைக்குள் வைத்தோம். மீதி எல்லாம் வெயில் வராத நடைவழி அலமாரிக்குப் போயின. ரூம் டிவைடரை உடனே நகர்த்த முடியவில்லை, சுவர் காயவில்லை. ஜன்னலுக்கு மெல்லிய திரை மட்டும் போடலாமா என்று மருமகள் கேட்டார். போதாது என்றேன். திரை விலகும், ஒரு நாள் துவைக்கப் போகும். ஆபத்து கண்ணாடியை வைத்த இடத்தில் இருக்கும்போது இடத்தைத்தான் மாற்ற வேண்டும்.

இரண்டாவது, மொத்தமாக விற்பதை நிறுத்திவைத்தது. 6,500 ராண்ட் கேட்டவர் ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். 34ஐயும் கண்ணால் பார்க்காமல் சொன்ன விலை அது. விற்பதற்கான காரணமே, அம்மா எரித்துவிடுவார் என்ற பயம், இப்போது இல்லாமல் போய்விட்டது. எது என்னவென்று தெரிந்துகொண்டு பிறகு யோசிப்போம் என்று மகனும் மகளும் ஒத்துக்கொண்டார்கள்.

மூன்றாவது, பாலிஷ் வேண்டாம் என்றது. சிலவற்றில் இடித்த தடங்கள் இருந்தன. தோலுக்குக் கீழே பிறை வடிவில் தெரியும் சின்னச் சேதம். பாலிஷ் போட்டுக் கொடுத்தால் விலை கூடும் என்று மகன் நினைத்தார். சில வேளைகளில் கூடும்தான். ஆனால் பாலிஷ் என்றால் தேய்ப்பது. கூரையின் வளைவு தட்டையாகும், உள்ளே இருக்கும் பூ சிறுத்துத் தெரியும், திறமையில்லாத கையென்றால் ஓரிடம் மட்டும் பள்ளமாகி உருவமே கோணும். அடிப்பக்கத்தையும் சேர்த்துத் தேய்த்துவிட்டால் அதில் இருக்கும் சாட்சி எல்லாம் போய்விடும். திரும்ப எடுக்க முடியாத வேலையை விற்பவர் செய்யவேண்டாம், வாங்குபவர் விரும்பினால் செய்துகொள்ளட்டும் என்று முடிவு செய்தோம்.

அடையாளம் கண்ட விதம்

இரண்டாம், மூன்றாம் வருகைகளில் இது நடந்தது. இம்முறை எல்லாம் ஓர் இரவு முழுதும் மேசையில், தண்ணீர்ப் பாத்திரத்தின் பக்கத்திலேயே இருந்தன. இரண்டும் ஒரே சூட்டில்.

முறை எளிது. சமையலறை டிஜிட்டல் தராசில் பேப்பர்வெயிட்டை நிறுக்க வேண்டும். பிறகு தராசின் மேல் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்துப் பூஜ்ஜியம் செய்து, பேப்பர்வெயிட்டைத் தடித்த நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல், முழுதும் மூழ்கும்படி தொங்கவிட வேண்டும். இப்போது தராசு காட்டும் கிராம்தான் அதன் கன அளவு. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் அடர்த்தி. ஒன்று 486 கிராம், தண்ணீரில் 193, வகுத்தால் 2.52. இது சாதாரண சோடாச் சுண்ணாம்புக் கண்ணாடி. இன்னொன்று 702 கிராம், தண்ணீரில் 231, 3.04 வந்தது. இது ஈயம் கலந்த கிறிஸ்டல். ஈயம் உள்ளதா இல்லையா என்பது தெரிந்தாலே பாதிச் சந்தேகம் கழிந்துவிடும். பேரன் நூலைப் பிடித்துக்கொள்ள, அக்கா எண்களை வாசிக்க, நான் எழுதினேன். 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச்சையும் அடித்துப் பார்த்தோம். ஒன்றிரண்டு எலுமிச்சைப் பச்சையாக ஒளிர்ந்தன, மற்றவை மங்கிக் கிடந்தன. இதை வைத்து மட்டும் எந்த ஆலை என்று சொல்லிவிட முடியாது. ஒரே ஆலை என்று நினைக்கும் இரண்டை ஒப்பிடத்தான் நான் பயன்படுத்துவேன்.

மீதியை அடிப்பக்கம் சொன்னது. செய்யும்போது பிடித்திருந்த இரும்புக் கம்பியை ஒடித்தெடுத்த தழும்பு அடியில் இருக்கும். மூன்றில் அந்தத் தழும்பின் மேலேயே துள்ளும் சால்மன் மீன் முத்திரை அழுத்தியிருந்தது: கிரீஃப் ஊரில் 1960களின் நடுவில் தொடங்கி 1980இல் முடிந்த ஸ்ட்ராத்தெர்ன் ஆலையின் அடையாளம். பாலிஷ் போட்டிருந்தால் முதலில் போயிருக்கக்கூடியது அந்த மீன்தான். ஐந்தில் அடிப்பக்கத்தில் கெய்த்னஸ் என்று செதுக்கியிருந்தது. வடகோடி விக் நகரத்தில் 1961இல் தொடங்கிய ஆலை. 1969இல் காலின் டெரிஸ் வடிவமைத்த கோள்கள் வரிசையோடு பேப்பர்வெயிட்டில் பெயர் எடுத்தது. இரண்டில் உள்ளே, நிறக் குச்சிகளை வெட்டி அடுக்கிய மில்லிஃபியோரி வேலையின் நடுவே, ஒரு சின்னக் குச்சியில் ஆங்கில ‘பி’ எழுத்து. 1968 முதல் 2002 வரை இயங்கிய பெர்த்ஷயர் பேப்பர்வெயிட்ஸ். எறும்புத் தலை அளவு எழுத்து, ஆறு மடங்கு பெரிதாக்கும் லென்ஸில்தான் தெரிந்தது. ஒன்று பேப்பர்வெயிட்டே இல்லை: ஸ்வாஸிலாந்தின், இன்றைய எஸ்வாட்டினியின், ங்வென்யா ஆலையில் பழைய பாட்டில்களை உருக்கிச் செய்த சின்ன யானை. நோட்டில் ‘பேரனுக்கு’ என்று எழுதியிருந்தது.

எண் 7இல் கொஞ்சம் நிற்க வேண்டும். நோட்டில்: ‘உள்ளே இரண்டு எழுத்து. கண்ணுக்குத் தெரியாது. 1971.’ ஆங்கில ‘பி’, ‘ஒய்’: பால் இசார்ட் என்ற பெயரின் ஆங்கில முதலெழுத்துகள். பால் இசார்ட் 1963இல் கெய்த்னஸ் ஆலைக்கு மாறியவர், 1991இல் இறந்தார். காலம் பொருந்துகிறது, வேலைப்பாடும் பொருந்துகிறது. ஆனால் அந்த இரண்டு எழுத்தையும் வைத்துச் செய்த போலிகளும் சந்தையில் உண்டு. ஆகவே எழுத்தைப் பார்த்ததும் நான் தலையாட்டவில்லை. அடியில் மெல்லிய, பல திசைகளில் ஓடும் தேய்மானக் கீறல்கள் இருந்தன. ஒரே திசையில் உப்புத்தாள் போட்ட கீறல்கள் இல்லை. 1971இல் எழுதிய நோட்டின் மை மற்றப் பக்கங்களின் மையைப் போலவே மங்கியிருந்தது. இவற்றைச் சேர்த்து ‘பெரும்பாலும் பால் இசார்ட்’ என்று எழுதினேன். ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை எடுத்துவிடச் சொல்லி மகன் கேட்டார். எடுக்கவில்லை. நோட்டுப் பக்கத்தின் படத்தோடு சேர்த்து விற்றால் வாங்குபவர் தாமே முடிவு செய்துகொள்வார்.

ஒன்பதுக்கு என்னால் பெயர் சொல்ல முடியவில்லை. எண் 23ம் அவற்றில் ஒன்று.

பின் நடந்தவை

ஏலத்தில் ஒன்பது பேப்பர்வெயிட்டுகளை மட்டும், ஒவ்வொன்றாக, படமும் எடையும் குறைகளும் எழுதிக் கொடுத்தார்கள். இடிபட்டவற்றை இடிபட்டது என்றே எழுதினோம். தரகு போக, மொத்தத்துக்கும் முன்பு கேட்ட விலையைவிடக் கூடுதலாகவே வந்தது. அதில் சுவரைச் சரிசெய்தார்கள். எண் 7ஐ மகள் விற்க விடவில்லை, ஜோஹன்னஸ்பர்க்குக்குக் கொண்டுபோனார். டாக்டரைப் பார்க்கும் பேச்சு வழக்கமான ரத்த அழுத்தச் சோதனையாக முடிந்தது.

சோதனை நடந்த அன்று சாயங்காலம் விளக்கேற்றும் நேரம் வந்தபோது நான் அங்கே இருந்தேன். மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. மேலே இருந்த தீப்பெட்டியை எடுத்து, அக்காவின் பித்தளைத் தட்டில், விபூதிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்தார். அக்கா விளக்கேற்றிவிட்டு, “நீயும் வாம்மா” என்று அவரைக் கூப்பிட்டார்.

இனி மாற்றிச் செய்வது

என் வேலைமுறையில் மாற்றியவை இவை. ஒரு சேகரிப்பைப் பார்க்கப் போகும்போது, இப்போது முதலில் ஜன்னல் எந்தத் திசை என்று கேட்கிறேன். அலமாரி எப்போதாவது இடம் மாறியதா என்றும் கேட்கிறேன். குளிர்காலத்தில் ஒரு நாள், காலை முதல் மாலை வரை, மணிக்கு ஒருமுறை வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்துக் குறிக்கச் சொல்கிறேன். கோடையில் பார்த்துவிட்டு இங்கே வெயில் வராது என்று சொல்வது நம் ஊரில் செல்லாது. தெளிந்த உயரக் கூரை உள்ளவற்றைத் தனியாக, கதவுள்ள, வெளிச்சம் புகாத அலமாரியில் வைக்கச் சொல்கிறேன்.

தண்ணீரில் நிறுப்பது இனி ஓர் இரவு காத்திருந்த பிறகுதான். சோதனையையும் அளவெடுப்பையும் ஒரே நாளில் வைத்துக்கொள்வதில்லை. வேறொருவர் சாமானைத் தண்ணீரில் இறக்கும் முன் அவர் சம்மதத்தைக் கேட்கிறேன். அன்று அதைக் கேட்டிருந்தால், அந்த ஒரு நிமிட இடைவெளியிலாவது கையில் இருந்த சூடு எனக்கு உறைத்திருக்கும்.

வீட்டாரோடு பின்னால் பேசியபோது மகன் ஒன்று சொன்னார். முதல் தழும்பைப் பார்த்த அன்றே தேதியும் நேரமும் போட்டு ஒரு படம் எடுத்திருந்தால், மூன்றாவது வந்தபோது மூன்றும் ஒரே பக்கம், ஒரே வடிவம் என்று தெரிந்திருக்கும். சரிதான். அதோடு அம்மா சொன்னதையும் எழுதியிருக்க வேண்டும் என்றேன். அவர் சொன்னது முதல் நாளிலிருந்து மாறவே இல்லை.

பழைய நோட்டில் இப்போது புதிதாக ஒரு வரிசை சேர்த்திருக்கிறார்கள்: எங்கே இருக்கிறது, வெயில் படுமா. மகனுக்குத் தமிழ் எழுத வராது. அக்காதான் பால்பாயிண்ட் பேனாவால் நிரப்புகிறார். கணவரின் பெரிய எழுத்துக்குக் கீழே அவருடைய சின்ன எழுத்தில் முதலில் எழுதியது: ‘எண் 23. இழுப்பறை. வெயில் ஆகாது.’